செய்தியை எந்த அளவுக்கு நம்பலாம்? ஊடகச் சாய்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல ஆண்டுகள் செய்தி டெஸ்க்கில் இருந்தவன் நான். நிருபர்கள் அனுப்புவதைத் திருத்துவதும் சுருக்குவதும் தலைப்புப் போடுவதும்தான் வேலை. ‘எவன் சொல்றதைத்தான் நம்புறது?’ என்று கேட்பவர்கள் அப்போதும் இருந்தார்கள், இப்போது அதிகம். அவர்கள் கேட்டவற்றில் முக்கியமானவை இங்கே. சிலவற்றுக்கு நீண்ட பதில் தேவைப்பட்டது. சிலவற்றுக்கு இரண்டு வரி போதும்.

ஊடகம் சொல்வதெல்லாம் பொய்தானே?

இல்லை. முறையாக நடக்கும் செய்தி நிறுவனங்களில் நடக்காததை நடந்ததாக எழுதுவது அபூர்வம். வழக்கு, அவமானம், வேலையிழப்பு எல்லாம் பின்னாலேயே வரும். சாய்வு பெரும்பாலும் தேர்வில்தான் நுழைகிறது. எதைச் செய்தியாக்குவது, எதை விடுவது, யாரிடம் கேட்பது, எந்த வரியை மேலே வைப்பது என்ற தேர்வுகள் அவை.

1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது மெக்ஸ்வெல் மெக்கோம்ப்ஸ், டொனால்டு ஷா என்ற இருவர் சேப்பல் ஹில் நகர வாக்காளர்களிடம் ‘உங்களுக்கு முக்கியமான பிரச்சினைகள் எவை?’ என்று கேட்டார்கள். ஊடகங்கள் எவற்றுக்கு அதிக இடம் கொடுத்தனவோ, அவற்றையே வாக்காளர்களும் முக்கியம் என்றார்கள். 1972-ல் வெளியான அந்த ஆய்வை இன்றும் இதழியல் வகுப்புகளில் படிக்கிறார்கள். ஒரு பிரச்சினைக்கு நீங்கள் ஆதரவா எதிர்ப்பா என்பதை முடிவு செய்வதைவிட, அப்படி ஒரு பிரச்சினை இருப்பதே உங்கள் கண்ணில் படுமா என்பதை முடிவு செய்வதில்தான் ஊடகத்தின் பலம் இருக்கிறது.

பொய்யே எழுதாமல் எப்படிச் சாய முடியும்?

ஓர் ஊர்வலம். போலீஸ் சுட்டதில் மூன்று பேர் இறந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் இப்படித் தலைப்புகள் வரலாம்:

‘போலீஸ் துப்பாக்கிச் சூடு: ஊர்வலத்தில் சென்ற 3 பேர் பலி’

‘ஊர்வலத்தில் வன்முறை: 3 பேர் பலி’

‘நிலைமை கட்டுக்குள் வந்தது: அதிகாரிகள் தகவல்’

கல்வீச்சும் நடந்திருந்தால் மூன்றுமே உண்மைதான். முதல் தலைப்பில் சுட்டது யார் என்று இருக்கிறது. இரண்டாவதில் சுட்டவர் மறைந்துவிட்டார், கூட்டமே கொன்றதுபோல ஒலிக்கிறது. மூன்றாவதில் செத்தவர்களே இல்லை. அவர்கள் நான்காவது பத்தியில் எங்கோ இருப்பார்கள். தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுப் போகிற வாசகர் ஒவ்வொரு பத்திரிகையிலிருந்தும் வெவ்வேறு சம்பவத்தைத் தெரிந்துகொண்டு போகிறார்.

அடுத்தது வினைச்சொல். ஒருவர் பேசியதை ‘கூறினார்’ என்று முடித்தால் அதோடு சரி. ‘ஒப்புக்கொண்டார்’ என்றால் அவர் எதையோ மறைத்து வைத்திருந்ததாகிவிடும். ‘விளக்கம் அளித்தார்’ என்றால் மரியாதை, ‘மழுப்பினார்’ என்றால் தீர்ப்பு. ஒரே பேச்சுக்கு ஒருவர் ‘எச்சரித்தார்’ ஆவார், இன்னொருவர் ‘மிரட்டினார்’ ஆவார். டெஸ்க்கில் இந்த ஒரு சொல்லை மாற்றக் கண் இமைக்கும் நேரம் போதும், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அதனாலேயே நான் இந்த இடத்தில் மிகவும் கறாராக இருப்பேன். கூடியவரை ‘கூறினார்’ என்றே விட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி.

படத்திலும் இது உண்டு. கூட்டத்தை டெலி லென்ஸ் (தூரத்தில் இருப்பதை அருகில் காட்டும் லென்ஸ்) போட்டுத் தரைமட்டத்திலிருந்து எடுத்தால் தலைகள் ஒன்றோடொன்று ஒட்டி, ஜனத்திரளாகத் தெரியும். அதே நேரத்தில் மாடியிலிருந்து எடுத்தால் இடையிடையே காலி இடம் தெரியும். இரண்டுமே ஒட்டு வேலை இல்லாத நிஜப் படங்கள்தான்.

எல்லாவற்றையும்விடக் கண்டுபிடிக்கக் கடினமானது, விட்டுவிடுவது. அச்சானதில் தவறு இருந்தால் வாசகர் சுட்டிக்காட்டலாம். அச்சாகவே இல்லாததை யார் சுட்டிக்காட்டுவது? ஒரே ஊடகத்தை மட்டும் பின்தொடர்பவர்களுக்கு இந்த ஓட்டை கடைசிவரை தெரியாது.

நிருபர்கள் இதையெல்லாம் வேண்டுமென்றேதான் செய்கிறார்களா?

சிலர் செய்கிறார்கள். பெரும்பாலோர் அறியாமல் செய்கிறார்கள், அதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது.

1920-ல் வால்டர் லிப்மன், சார்லஸ் மெர்ஸ் என்ற இரு பத்திரிகையாளர்கள் ரஷ்யப் புரட்சி பற்றி நியூயார்க் டைம்ஸ் மூன்றாண்டுகளில் வெளியிட்ட செய்திகளை எடுத்து வரிசையாக ஆராய்ந்தார்கள். புரட்சியில் ஆட்சியைப் பிடித்த போல்ஷ்விக்குகளின் ஆட்சி கவிழ்ந்துவிட்டது அல்லது கவிழப்போகிறது என்ற தொனியில் 1917 நவம்பருக்கும் 1919 நவம்பருக்கும் இடையே 91 முறை செய்தி வந்திருந்தது. ஆட்சி கவிழவில்லை. எழுதியவர்களைச் சதிகாரர்கள் என்று லிப்மனும் மெர்ஸும் சொல்லவில்லை. நடந்ததைப் பார்க்காமல், நடக்க வேண்டும் என்று தாங்கள் ஆசைப்பட்டதை எழுதியவர்கள் பார்த்தார்கள் என்பதுதான் இருவரும் கண்டது. நூறாண்டு கழித்தும் தேர்தல் முடிவுகளை முன்கூட்டியே எழுதும் செய்தி அறைகளில் இதே ஆசை வேலை செய்வதைப் பார்க்கலாம்.

இதோடு தினசரி வேலையின் நெருக்கடியும் சேரும். ஒரு துறையைப் பார்க்கும் நிருபருக்கு அந்தத் துறை அதிகாரி நாளையும் போன் எடுக்க வேண்டும். பாதிக்கப்பட்டவரைத் தேடிப் போக அரை நாள் ஆகும். அதிகாரியின் செய்திக்குறிப்பு மெயிலில் வந்து காத்திருக்கும். பக்கம் முடிக்கும் நேரம் நெருங்கினால் எது செய்தியாகும் என்று சொல்லத் தேவையில்லை.

என் தரப்புக்கு எதிராகத்தான் எல்லாரும் எழுதுகிறார்கள் என்று தோன்றுகிறது. அது உண்மையா, என் பார்வைக் கோளாறா?

இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். ஆனால் இரண்டாவதை யாரும் பரிசோதிப்பதில்லை.

1982-ல் பெய்ரூட்டில், இஸ்ரேல் ராணுவம் சூழ்ந்திருந்த பாலஸ்தீன அகதி முகாம்களில் நடந்த படுகொலை பற்றிய தொலைக்காட்சிச் செய்திகளை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். இஸ்ரேல் ஆதரவாளர்கள், அரபு ஆதரவாளர்கள் என இரு தரப்பும் பார்த்தது அதே காட்சிகளைத்தான். இஸ்ரேல் ஆதரவாளர்கள் ‘இது இஸ்ரேலுக்கு எதிரானது’ என்றார்கள். அரபு ஆதரவாளர்கள் ‘இது இஸ்ரேலுக்கு வக்காலத்து வாங்குகிறது’ என்றார்கள். நடுநிலையாளர் ஒருவர் இதைப் பார்த்தால் நம் தரப்புக்கு எதிராகத் திரும்பிவிடுவார் என்றும் இரு தரப்பும் பயந்தன. வாலோன், ராஸ், லெப்பர் ஆகியோர் 1985-ல் வெளியிட்ட ஆய்வு இது. ஒரு விஷயத்தில் எவ்வளவு ஆழமாக ஈடுபட்டிருக்கிறோமோ, அந்த அளவுக்கு நடுநிலையான செய்தியும் பகையாகத் தெரியும்.

‘இரு தரப்பும் திட்டுகிறார்கள், ஆகவே நாங்கள் சரியாகத்தான் எழுதியிருக்கிறோம்’ என்று சில ஆசிரியர்கள் இந்த ஆய்வைக் கேடயமாகப் பிடிப்பதுண்டு. அது செல்லாது. இரு தரப்பும் திட்டும் அளவுக்கு மோசமாகவும் எழுத முடியும்.

நம்பிக்கை நிஜமாகவே குறைந்திருக்கிறதா, சும்மா பேச்சா?

குறைந்திருக்கிறது, ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. அமெரிக்காவில் காலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் 1972-ல் கேட்டபோது 68 சதவீதம் பேர் ஊடகங்கள் மீது ஓரளவோ அதிகமாகவோ நம்பிக்கை இருப்பதாகச் சொன்னார்கள். பத்திரிகைகள் துருவி வெளிக்கொண்டுவந்து, அதிபர் நிக்சன் பதவி விலகக் காரணமான வாட்டர்கேட் விவகாரம் முடிந்த பிறகு, 1976-ல், அது 72 ஆனது. 2025-ல் 28. அந்த 28-ம் இரு கட்சி ஆதரவாளர்களிடம் ஒரேபோல இல்லை. குடியரசுக் கட்சியினரில் பத்தில் ஒருவர்கூட நம்புவதாகச் சொல்லவில்லை, ஜனநாயகக் கட்சியினரில் பாதிப் பேர் நம்புகிறார்கள்.

உலக அளவில் ராய்ட்டர்ஸ் இதழியல் ஆய்வு நிறுவனம் 2024-ல் 47 நாடுகளில் எடுத்த கணக்கில் சராசரி 40 சதவீதம். பின்லாந்தில் 69, கிரீஸிலும் ஹங்கேரியிலும் 23. எல்லா நாட்டிலும் ஒரே இணையம், ஒரே சமூக ஊடகம். அப்படியிருந்தும் இவ்வளவு வித்தியாசம் என்றால், பழியை முழுவதும் தொழில்நுட்பத்தின் தலையில் கட்ட முடியாது.

ஏன் குறைந்தது?

முதல் காரணம், ஊடகங்கள் பெரிய இடங்களில் தவறியது. 2003 ஈராக் போரைவிடப் பெரிய உதாரணம் தேவையில்லை. சதாம் உசேனிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாக அமெரிக்க அரசு சொன்னதைப் பெரிய பத்திரிகைகள் முதல் பக்கத்தில் போட்டன. போர் நடந்தது, ஆயுதம் இல்லை. தாங்கள் போதிய கறாராக இருக்கவில்லை என்று நியூயார்க் டைம்ஸ் 2004 மே 26 அன்று வாசகர்களுக்குக் குறிப்பு எழுதியது. அந்தக் குறிப்பு வந்ததோ உள்பக்கத்தில்.

போருக்கு முந்தைய அந்த நாட்களில் நைட் ரிட்டர் என்ற பத்திரிகை நிறுவனத்தின் நிருபர்கள் ஜோனதன் லாண்டே, வாரன் ஸ்ட்ரோபெல் இருவரும் அரசின் கூற்றைச் சந்தேகித்து எழுதிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் அமைச்சர்களையும் உயர்மட்டத்தையும் கேட்டபோது, இவர்கள் உளவுத் தகவல்களை நேரில் கையாண்ட கீழ்மட்ட, நடுமட்ட அதிகாரிகளைத் தேடிப் போனார்கள். தலைநகரின் பெரிய பத்திரிகைகளில் அவர்கள் எழுத்து வராததால் யாரும் அதிகம் கவனிக்கவில்லை. பத்திரிகையாளராக விரும்பும் எந்த இளைஞரிடமும் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். துணிச்சலைவிட முக்கியம், யாரிடம் கேட்பது என்று தெரிந்திருப்பது.

இரண்டாவது காரணம் பணம். அமெரிக்கப் பத்திரிகைகளின் விளம்பர வருமானம் 2005 வாக்கில் ஆண்டுக்குச் சுமார் 4,900 கோடி டாலர். 2020-ல் 1,000 கோடிக்கும் கீழே. வரி விளம்பரங்கள் இணையத்துக்குப் போயின, மற்றவை கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போயின. உள்ளூர்ப் பத்திரிகைகள் மூடப்பட்டன. நகராட்சிக் கூட்டத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்த நிருபரை மக்களுக்கு நேரில் தெரியும். தப்பாக எழுதினால் மறுநாள் தெருவில் நிறுத்திக் கேட்பார்கள். அவர் போய், முன்பின் தெரியாத யாரோ ஸ்டுடியோவில் கத்துவது மட்டும் மிஞ்சியது. களத்துக்கு ஆள் அனுப்பச் செலவு அதிகம், நாலு பேரை உட்கார வைத்து விவாதிக்க வைப்பது மலிவு. இரவு நேரத்துக் கூச்சல்களுக்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான்.

மூன்றாவது, பார்வையாளர்களை இழந்துவிடுவோமோ என்ற பயம். 2020 அமெரிக்கத் தேர்தலில் வாக்கு எந்திரங்கள் மோசடி செய்தன என்ற குற்றச்சாட்டுகளை ஃபாக்ஸ் நியூஸ் ஒளிபரப்பியது. அந்த எந்திரங்களைத் தயாரித்த டொமினியன் நிறுவனம் தொடர்ந்த வழக்கில் சேனலுக்குள் பரிமாறிய செய்திகள் வெளிவந்தன. அந்தக் குற்றச்சாட்டுகளைத் தொகுப்பாளர்களே தனிப்பட்ட முறையில் நம்பவில்லை. உண்மையைச் சொன்னால் நேயர்கள் வேறு சேனலுக்குப் போய்விடுவார்கள் என்ற கவலை அந்த உரையாடல்களில் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. 2023 ஏப்ரலில் 78.75 கோடி டாலர் கொடுத்துச் சமாதானம் ஆனார்கள். முதலாளிக்குப் பயந்து சாய்வதைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். வாசகருக்குப் பயந்து சாய்வதும் அதே அளவு கெடுதல்.

நான்காவதாக அரசியல்வாதிகள். தங்களைக் கேள்வி கேட்பவர்களை ‘விலைபோன ஊடகம்’ என்று திரும்பத் திரும்பச் சொன்னால் கொஞ்சமாவது ஒட்டிக்கொள்ளும் என்று அவர்களுக்குத் தெரியும்.

விளம்பரமும் செய்தியும் கலந்து வருவதை எப்படிக் கண்டுபிடிப்பது?

‘விளம்பரப் பகுதி’, ‘பங்குதாரர் உள்ளடக்கம்’ என்று ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும், தேடிப் பாருங்கள். அதுவும் இல்லாமல் வருவதுதான் ஆபத்து. 2009-ல் இந்தியாவில் ‘பெய்டு நியூஸ்’ (காசு வாங்கிக்கொண்டு விளம்பரத்தைச் செய்தியாகப் போடுவது) விவகாரம் வெடித்தது. மகாராஷ்டிர சட்டமன்றத் தேர்தல் நேரத்தில் ஒன்றுக்கொன்று போட்டியான பத்திரிகைகளில் ஒரே புகழுரை வார்த்தை மாறாமல் வந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எடுத்துக் காட்டினார். இந்தியப் பிரஸ் கவுன்சிலின் துணைக்குழு இதைப் பெயர்களோடு விசாரித்து அறிக்கை தந்தது. கவுன்சில் 2010-ல் வெளியிட்டது அதன் சுருக்கத்தைத்தான். முழு அறிக்கை வெளியே வர, தகவல் ஆணையம் 2011-ல் உத்தரவிட வேண்டியிருந்தது. மற்றவர்களிடம் வெளிப்படைத்தன்மை கேட்கும் துறை தன் விஷயத்தில் இப்படி நடந்துகொண்டது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

இரு தரப்புக்கும் சம இடம் கொடுத்தால் நடுநிலைதானே?

எப்போதும் இல்லை. வரி உயர்வு சரியா தவறா என்பதில் இரு தரப்பு உண்டு. தடுப்பூசியால் ஆட்டிசம் வருமா என்பதில் அப்படி இல்லை.

1998-ல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற மருத்துவர் வெறும் 12 குழந்தைகளை வைத்து லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதி, தட்டம்மை உள்ளிட்ட மூன்று நோய்களுக்கான எம்எம்ஆர் தடுப்பூசி மீது சந்தேகம் கிளப்பினார். பிரிட்டிஷ் ஊடகங்கள் அவரை ஒரு பக்கமும் மருத்துவ உலகம் முழுவதையும் மறு பக்கமும் வைத்துச் சமமாகப் பேச விட்டன. பார்த்துக்கொண்டிருந்த பெற்றோருக்கு ஐம்பதுக்கு ஐம்பது என்றுதான் தோன்றியிருக்கும். தடுப்பூசி போடுவது குறைந்தது, தட்டம்மை திரும்ப வந்தது. வேக்ஃபீல்டின் வண்டவாளத்தை வெளிக்கொண்டுவந்தவரும் ஒரு பத்திரிகையாளர்தான். சண்டே டைம்ஸில் எழுதிய பிரையன் டீர் 2004 முதல் பல ஆண்டுகள் ஆவணங்களைத் துருவினார். கட்டுரையை லான்செட் 2010-ல் திரும்பப் பெற்றது. ஊடகம் செய்த தீங்கும் ஊடகம் செய்த பரிகாரமும் ஒரே கதையில் இருக்கின்றன. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

‘நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவிக்கின்றன’ என்று வந்தால் நம்பலாமா?

பெயர் சொன்னால் வேலையோ உயிரோ போகும் என்ற நிலையில் இருப்பவருக்கு அந்த மறைப்பு நியாயமானது. வாட்டர்கேட்டே அப்படித்தான் வெளியே வந்தது. ஆனால் ஓர் அமைச்சர் எதிராளியைத் தாக்குவதற்குப் பெயரை மறைத்துக்கொண்டால் அதில் நியாயம் இல்லை. ஏன் பெயர் மறைக்கப்பட்டது, அவருக்கு இந்தத் தகவல் எப்படித் தெரியும் என்று செய்தியிலேயே சொல்லியிருக்கிறதா பாருங்கள்.

ஆள் முகத்தோடு வந்தாலும் அவர் யார் என்று விசாரிக்கத்தான் வேண்டும். ஈராக் குவைத்தை ஆக்கிரமித்திருந்த 1990 அக்டோபரில் நயிரா என்ற 15 வயதுப் பெண், குவைத் மருத்துவமனையில் ஈராக் வீரர்கள் இன்குபேட்டரிலிருந்து பச்சைக் குழந்தைகளை எடுத்து வீசியதைப் பார்த்ததாக வாஷிங்டனில் கண்ணீரோடு சாட்சி சொன்னாள். உலகமே ஒளிபரப்பியது. அவள் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள் என்பதும், ஒரு மக்கள் தொடர்பு நிறுவனம் பின்னால் இருந்தது என்பதும் 1992-ல்தான் தெரியவந்தது. அதற்குள் வளைகுடாப் போரே முடிந்துவிட்டது.

பிடிபட்ட பத்திரிகையை மறுபடி நம்புவது எப்படி?

பிடிபட்ட பிறகு என்ன செய்தது என்று பாருங்கள். 1981-ல் வாஷிங்டன் போஸ்ட் நிருபர் ஜேனட் குக், ஹெராயினுக்கு அடிமையான எட்டு வயதுச் சிறுவன் பற்றிய கதைக்குப் புலிட்சர் பரிசு வாங்கினார். அப்படி ஒரு சிறுவனே இல்லை. பத்திரிகை பரிசைத் திருப்பிக் கொடுத்தது. வாசகர் சார்பாகக் கேள்வி கேட்பதற்கென்றே அங்கே ஒருவர் இருந்தார். அவர், எந்த ஆசிரியர் எந்த இடத்தில் கோட்டை விட்டார் என்று பக்கம் பக்கமாக அதே பத்திரிகையில் எழுதினார். ஜெர்மனியின் டெர் ஸ்பீகல் 2018 டிசம்பரில் தன் நட்சத்திர நிருபர் கிளாஸ் ரெலோட்டியஸ் ஆண்டுக்கணக்கில் கற்பனை கலந்து எழுதியதைத் தானே அம்பலப்படுத்தியது. முதலில் சந்தேகப்பட்ட சகா ஹுவான் மொரேனோவை மேலிடம் நம்பவில்லை. அவர் தன் கைக்காசைச் செலவழித்து அமெரிக்கா போய், ரெலோட்டியஸ் பேட்டி கண்டதாக எழுதிய ஆட்களையே தேடிப் பிடித்தார்.

இப்படி வாசகர் சார்பாகக் கேள்வி கேட்கும் வாசகர் ஆசிரியர் என்ற பதவியை பிரிட்டனின் கார்டியன் 1997-ல் உருவாக்கியது, தி இந்து 2006-ல். நியூயார்க் டைம்ஸ் தன்னிடம் இருந்த அதேபோன்ற பதவியை 2017-ல் நீக்கிவிட்டது. நம்பிக்கை சரிந்துகொண்டிருக்கும் காலத்தில் அது தவறான முடிவு என்பதே என் உறுதியான கருத்து.

தலையங்கத்தில் சாய்வு இருந்தால் தவறா?

இல்லை. அது கருத்துச் சொல்லும் இடம். கருத்தைச் செய்தி வேஷத்தில் கொடுப்பதுதான் தவறு.

யாரையும் நம்பாமல் இருந்துவிட்டால் பாதுகாப்புதானே?

எதையும் நம்பமாட்டேன் என்பவர் கடைசியில் தனக்குப் பிடித்ததை நம்புவதைத்தான் பார்த்திருக்கிறேன். செய்தித்தாளைத் தள்ளிவைத்தவர் வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவை நம்புகிறார். அதில் பேசியவர் யார் என்று கேட்பதில்லை. 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய சுமார் 1,26,000 தகவல்களை எம்ஐடி ஆய்வாளர்கள் 2018-ல் ஆராய்ந்தபோது, உண்மையைவிடப் பொய் மறுபகிர்வு ஆகும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. அதைப் பரப்பியதில் பெரும்பங்கு எந்திரக் கணக்குகளுக்கு இல்லை, மனிதர்களுக்குத்தான்.

ஒட்டுமொத்த அவநம்பிக்கையால் லாபம் அடைபவர்கள், மறைக்க ஏதாவது வைத்திருப்பவர்கள். கேள்வி கேட்ட செய்தியும் விலைக்கு வந்த செய்தியும் ஒரே குப்பைக் கூடைக்குப் போனால் அவர்களுக்கு வேலை மிச்சம்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டுச் சாய்வில்லாத பதில் வாங்கிக்கொள்ளலாமே?

அதுவும் செய்தி நிறுவனங்கள் எழுதியதைத்தான் கலந்து கொடுக்கிறது. பிபிசியும் ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியமும் 2025-ல் 18 நாடுகளில் நடத்திய ஆய்வில், செய்தி பற்றிய கேள்விகளுக்கு அது தந்த பதில்களில் 45 சதவீதத்தில் ஏதேனும் ஒரு பெரிய கோளாறாவது இருந்தது. மூலச் செய்தியைத் திறந்து படியுங்கள்.

ஒரு செய்தியில் தவறு கண்டால் நான் என்ன செய்ய முடியும்?

திட்டி எழுதினால் குப்பைக்குப் போகும், அதை என் கையாலேயே பலமுறை பார்த்திருக்கிறேன். எந்த வரி தவறு, சரியான தகவல் என்ன, அதற்கு ஆதாரம் எங்கே என்று மூன்றையும் ஐந்தாறு வரிக்குள் எழுதுங்கள். வாசகர் ஆசிரியர் இருந்தால் அவருக்கு, இல்லையென்றால் ஆசிரியருக்கு அனுப்புங்கள். ஆதாரம் உள்ள கடிதம் மேசையில் கிடந்தால் யாராவது பதில் சொல்லியே ஆக வேண்டும். இணையத்தில் வந்த செய்தியென்றால் அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். சத்தமில்லாமல் மாற்றிவிட்டு ‘திருத்தப்பட்டது’ என்று குறிப்பிடாமல் விடுவதும் நடக்கிறது. திருத்தம் வந்துவிட்டால், அந்தச் செய்தியை முன்பு எந்தக் குழுவில் பகிர்ந்தீர்களோ அதே குழுவில் திருத்தத்தையும் போடுங்கள்.